அரக்கு வேறு, மெரூன் வேறு

மயிலாப்பூர்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே, சித்ரா கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பதிலேயே பொழுது போகிறது. நேற்று தி. நகர் போனோம். பனகல் பார்க்கில் இறங்கி கடைக்குள் நுழைவதற்குள் என் செருப்பு அறுந்தது தனிக்கதை.

"அரக்குல, பச்சை பார்டர் போட்டு எடுப்பா" என்றேன். கடைப் பையன், "மெரூனா மேடம்?" என்று காபிப்பொடி நிறத்தில் ஒன்றை விரித்தான். சித்ரா வேறு, "ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்கிறாள். மெரூன் என்பதே செஸ்ட்நட் கொட்டைக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரிலிருந்து வந்ததுதானே, அதில் பழுப்பு இல்லாமல் இருக்குமா? அரக்கு அப்படியா!

மரக்கிளையில் அப்பிக்கொண்டு வாழும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின் அது, கழுவினால் சிவப்புச் சாயம் இறங்கும் என்று சொன்னேன். சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்றுதான் துரியோதனன் பாண்டவர்களுக்கு அரக்கு மாளிகை கட்டினான் என்றும் சொன்னேன். "அரக்கர் மாளிகைன்னுல்ல நெனச்சேன்" என்றாள்!

அப்போது உன் அப்பாவின் தபால் ஆபீஸ்தான் ஞாபகம் வந்தது. அரக்குக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி, பார்சல் முடிச்சின்மேல் சொட்டச் சொட்ட விட்டு, பித்தளை முத்திரையைத் தண்ணீரில் தொட்டு அமுக்குவாரே. ஆறினதும் ஓரமெல்லாம் கருஞ்சிவப்பு, மெல்லிசாக வழிந்த இடத்தில் மட்டும் ரத்தம் மாதிரி. உடைந்த துண்டுகளை நீ ஜாமெட்ரி பாக்ஸில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருவாய். புடவைக்கு நான் கேட்பது அந்த நிறம். கடைப் பையனுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

ஒன்றும் எடுக்காமல் வெளியே வந்து, அம்மாவின் பழைய கல் அட்டிகையை மாற்ற நகைக்கடைக்குப் போனோம். எடை போட்டவர் தலை நிமிராமல், "கல்லு, அரக்கு கழிச்சுதாம்மா வரும்" என்றார். சித்ரா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு கழித்தார் என்று கேட்காதே, வயிறு எரிகிறது.

சரி, உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்புறம் ஓர் உதவி. உன் சீமந்தத்துக்கு அத்தை கட்டியிருந்த அரக்குப் பட்டு இன்னும் பீரோவில் இருந்தால், முந்தானையை வெயிலில் விரித்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுக்காதே, மெரூனாகத் தெரியும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போகிறோம்.

அன்புடன்,
வசந்தா