போர்வை கொடுத்தவர்களுக்கும் பற்றிஸ் பொரித்தவர்களுக்கும்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும்,

கச்சேரி முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. எங்கள் பாடகர் குழுவின் சார்பில் ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் போன வாரமே தேவாலயத்து அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டது. அதை எழுதியதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் உங்களைப் பற்றி அதில் இருப்பது ஒரே வரி: அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் நன்றி. தப்பில்லை, சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரிக்குள் நான்கு ஹீட்டர், முப்பது சொச்சம் போர்வை, ஒரு சுருதிப் பெட்டி, ஒரு டெனர் (உச்சத்தில் பாடுகிற ஆண் குரல்), எண்ணி முடியாத பற்றிஸ் என்கிற பொரித்த பலகாரம் எல்லாம் அடங்கியிருப்பது படிப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? மனசு கேட்கவில்லை. அதனால் தமிழில் தனியாக எழுதுகிறேன்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. லண்டனில் லூயிஷத்துக்கும் க்ரீனிச்சுக்கும் நடுவில், ஒரு தேவாலயத்தை ஒட்டிய ஹாலில் செவ்வாய்க்கிழமை இரவுகளில் கூடிப் பாடுகிறவர்கள் நாங்கள். தபால்காரர் இருக்கிறார், பல் டாக்டர் இருக்கிறார், ஓய்வுபெற்ற டீச்சர்கள் நிறைய. நான் நர்ஸ். குரல் தேர்வெல்லாம் கிடையாது, வந்தால் சேர்த்துக்கொள்வோம். பாடுவது பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டு இசை. பியானோ, ஆர்கன் எதுவும் இல்லாமல் வெறும் குரலில். வருஷா வருஷம் நவம்பரில் ஒரு கச்சேரி. வருகிற பணம் இந்த வட்டாரத்து உணவு வங்கிக்கும், வீடில்லாதவர்களுக்கான குளிர்கால இரவுத் தங்குமிடத்துக்கும் போகும். நவம்பர் எங்களுக்குத் தோதான மாதம். 22-ஆம் தேதி இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள்; நாங்கள் அதிகம் பாடுகிற பாட்டுகளைப் போட்ட தாமஸ் டாலிஸ் இறந்ததும் 1585 நவம்பரில்தான்.

முதல் நன்றி, போஸ்டர் ஒட்ட இடம் கொடுத்த கடைக்கார அண்ணாவுக்கு. அரிசி மூட்டைக்கு மேலே, சிம் கார்டு விளம்பரத்துக்குப் பக்கத்தில், உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடம். கொடுப்பதற்கு முன்னால் விசாரணை நடந்தது.

"உது என்ன பாட்டு தங்கச்சி?"

"நானூறு வருஷத்துக்கு மேல் பழைய பாட்டு அண்ணா. லத்தீனிலும் இங்கிலீஷிலும் பாடுவோம்."

"எழுதின ஆள் எந்த ஊர்?"

"பிறந்த ஊர் யாருக்கும் சரியாகத் தெரியாது. அடக்கம் பண்ணினது நம்ம க்ரீனிச்சில்தான்."

"அப்ப எங்கட ஊர்க்காரர். ஒட்டுங்கோ."

அதற்கப்புறம் மூன்று வாரம், சாமான் வாங்க வந்தவர்களிடம் எல்லாம் "எங்கட ஊர்க்காரர் போட்ட பாட்டு, கட்டாயம் போங்கோ" என்று அவர் சொல்லியிருக்கிறார். டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலர் பாட்டு எழுதினவரும் வருவாரா என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கு இங்கே பதில்: டாலிஸ், எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்ட், மேரி, முதலாம் எலிசபெத் என்று நான்கு பேர் ஆட்சியில் அரச தேவாலயத்தில் பாடியவர். ஒருவர் வந்தால் லத்தீன், அடுத்தவர் வந்தால் ஆங்கிலம், அப்புறம் மறுபடி லத்தீன், மறுபடி ஆங்கிலம். மனிதர் எல்லாவற்றுக்கும் பாட்டுப் போட்டார், வேலையும் போகவில்லை. க்ரீனிச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற செயின்ட் ஆல்ஃபேஜ் தேவாலயத்தில்தான் அவரை அடக்கம் பண்ணினார்கள். 1710-இல் ஒரு புயலில் அந்தப் பழைய தேவாலயத்தின் கூரை விழுந்துவிட்டது. இப்போது இருப்பது அதன் பிறகு ஹாக்ஸ்மூர் என்கிற கட்டடக் கலைஞர் கட்டியது. பழைய சமாதியின் பித்தளைத் தகடு போயே போய்விட்டது.

அடுத்தது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி. கச்சேரிக்கு முன் மூன்று சனிக்கிழமை எங்களுக்குக் கூடுதல் ஒத்திகை தேவைப்பட்டது. பள்ளி விட்ட கையோடு நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டுவிட்டுப் போன பிள்ளைகளுக்கும், அதைச் செய்யச் சொன்ன ஆசிரியைகளுக்கும் நன்றி. பலகையில் இருந்த உயிரெழுத்துகளை அழிக்க வேண்டாம் என்று, முன்னால் நின்று கையசைத்து எங்களைப் பாடவைக்கிற நடத்துநர் சொல்லிவிட்டார். 'ஆ'வைக் காட்டி, அந்த எழுத்துக்கு வாய் எவ்வளவு திறக்கும், 'ஓ'வுக்கு எப்படிக் குவியும் என்று என்னைச் செய்துகாட்டச் சொன்னார். லத்தீன் உச்சரிப்புக்கு ஆங்கிலத்தைவிட நம் உயிரெழுத்துதான் பக்கம், பாருங்கள்.

ஒரு சின்னப் பையன் அப்பா வரத் தாமதமானதால் எங்களோடு உட்கார்ந்திருந்தான். இத்தாலிக்காரர் பாலஸ்த்ரீனா போட்ட 'சீகுட் செர்வுஸ்' போய்க்கொண்டிருந்தது. நீரோடையைத் தேடும் மானைப் போல என்று பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் வருகிற வரி. டெனர் தொடங்குவார், அதே மெட்டைத் தாழ்ந்த பெண் குரலான ஆல்டோ எடுக்கும், பிறகு உச்சப் பெண் குரலான சோப்ரானோ, கடைசியில் அடி ஆண் குரலான பாஸ். நாலு பேரும் நாலு இடத்தில் இருப்போம். "ஏன் எல்லாரும் ஒரே பாட்டை ஒண்ணாப் பாட மாட்டேங்கறீங்க?" என்று கேட்டான். நடத்துநர் விளக்கப் போனார். அதற்குள் அவனே, "ஓடிப்பிடிச்சு விளையாடறீங்களா?" என்றான். அன்றிலிருந்து எங்கள் குழுவில் அந்தப் பாட்டுக்குப் பெயரே ஓடிப்பிடிச்சுதான். வெள்ளைக்காரர்கள் வாயில் அந்தச் சொல் படுகிற பாட்டைக் கேட்க நீங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை வர வேண்டும்.

இனி சுருதிப் பெட்டி. அதே கட்டிடத்தில் பாட்டு வகுப்பு நடத்தும் அக்கா, ஒரு நாள் எங்கள் ஒத்திகையைக் கதவோரம் நின்று கேட்டார். பாடிக்கொண்டிருந்தது இங்கிலாந்துக்காரர் வில்லியம் பைர்ட் போட்ட 'ஆவே வேரும் கோர்புஸ்'. 1605-இல் அச்சானது. தொடக்கத்திலேயே சோப்ரானோ ஒரு எஃப் ஷார்ப்பில், அதாவது எஃப்புக்கு அரை ஸ்வரம் மேலே, நிற்கும். அது காதில் இருக்கும்போதே பாஸ் ஒரு சாதா எஃப்பைக் கொண்டுவந்து வைக்கும். ஜி-யை ஸட்ஜமாக வைத்துப் பார்த்தால் மேலே காகலி நிஷாதம், அடுத்த கணம் கீழே கைசிகி நிஷாதம். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கீழே பாடுறவங்க தப்பாப் பாடறாங்க, சொல்லிடு" என்றார். இல்லை அக்கா, எழுதியிருப்பதே அப்படித்தான் என்று காகிதத்தைக் காட்டினேன். மறுபடி கேட்டார். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்க இவருக்கு என்ன தைரியம்!" என்றார். நான் பார்த்த மட்டில் பைர்டுக்குக் கிடைத்த சிறந்த விமர்சனம் அதுதான்.

அதோடு அவர் நிற்கவில்லை. வாத்தியம் இல்லாமல் பாடுகிற குழுக்களுக்கு ஒரு நோய் உண்டு. பாட்டு முடியும்போது தொடங்கிய சுருதியைவிட அரை ஸ்வரம் கீழே இறங்கியிருப்போம். நமக்குத் தெரியவே தெரியாது. அக்கா தன் மின்சாரச் சுருதிப் பெட்டியை மூன்று வாரம் கொடுத்துவைத்தார். ஜி-யில் வைத்து, அதன் மேல் ஒவ்வொரு முடிவையும் நிறுத்தி நிறுத்திப் பழகினோம். கச்சேரியில் பைர்டின் நான்கு குரல் திருப்பலிப் (பூசை) பாடல்கள் முடிந்ததும் நடத்துநர் சுருதி பார்க்கிற ட்யூனிங் ஃபோர்க்கை முழங்கையில் தட்டிக் காதருகே வைத்துப் பார்த்தார், கவனித்தீர்களா? இறங்காமல் அங்கேயே இருந்தோம். அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன், வேறு ஒன்றுமில்லை.

டெனர் விஷயத்துக்கு வருகிறேன். முகூர்த்த நாளில் நல்ல நாதஸ்வரக்காரர் கிடைப்பது எவ்வளவு கஷ்டமோ, எந்தக் கொயரிலும் (பாடகர் குழுவிலும்) டெனர் கிடைப்பது அவ்வளவு கஷ்டம். எங்களிடம் இருந்ததே நாலு பேர். கடைசி வாரம் ஒருவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் கடையில் புலம்பிக்கொண்டிருந்தபோது, பின்னால் பால் பாக்கெட்டோடு நின்ற பஸ் டிரைவர் அண்ணன், தான் மட்டக்களப்பில் பள்ளிக் கொயரில் டெனர் பாடியதாகச் சொன்னார். ஐந்து கோட்டு நொட்டேஷன் மறந்துபோச்சு, டோ, ரே, மீ என்று எழுத்தில் எழுதுகிற சோல்ஃபா என்றால் பார்த்துப் பாடுவேன் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் நான் கொயரில் சேர்ந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதே சோல்ஃபாதான். அன்று இரவு உட்கார்ந்து டாலிஸின் 'இஃப் யீ லவ் மீ' முழுவதற்கும் டெனர் வரிக்குக் கீழே டோ, ரே, மீ என்று பென்சிலில் எழுதினேன். கச்சேரி அன்று வேலை முடிந்து சீருடையிலேயே வந்தார். குழுவின் கறுப்புச் சட்டைகளுக்கு நடுவில் அது பெரிதாகத் தெரியவில்லை. அண்ணா, அந்தக் காகிதத்தை நீங்கள் திருப்பித் தர வேண்டாம்.

கச்சேரி நாளில் மூன்றரை மணிக்குத் தேவாலயத்து பாய்லர் நின்றுவிட்டது. வெளியே கடுங்குளிர், உள்ளே அதைவிட. பழுதுபார்க்கிறவர் திங்கட்கிழமைதான் வருவாராம். கடைக்கார அண்ணா நாலு ஹீட்டரை வேனில் போட்டுக் கொண்டுவந்தார். நாலையும் சேர்த்துப் போட்டதும் பியூஸ் போய், இருந்த வெளிச்சமும் போயிற்று. எலெக்ட்ரீஷியன் தம்பி இருளில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு சரிசெய்து, இரண்டைத்தான் ஒரே நேரத்தில் போடலாம் என்றார். சரி என்று இரண்டைப் போட்டோம். அடுத்த பிரச்சினை: ஹீட்டர் ஒரு மாதிரி முனகியது. அந்த முனகல் எங்கள் ஜி-க்குக் கொஞ்சம் கீழே, ஆளை இழுக்கிற இடத்தில். சுருதிப் பெட்டியோடு மூன்று வாரம் பட்ட பாடு அத்தனையும் வீணாகிவிடும் என்று நடத்துநர் தலையில் கைவைத்துக்கொண்டார். பாடும்போது அணைப்பது, பாட்டுக்குப் பாட்டு நடுவில் போடுவது என்று முடிவாயிற்று.

அப்போதுதான் தமிழ்ப் பள்ளி அம்மாமார் ஆளுக்கு ஆள் போன் போட்டு, வீட்டுப் போர்வைகளோடு வந்தார்கள். பூப்போட்டது, புலி போட்டது, விமானத்தில் கொடுத்ததுகூட ஒன்று. வாசலில் டிக்கெட்டோடு ஒரு போர்வை. இந்த ஊர்க்காரர்கள் முதலில் கூச்சப்பட்டார்கள், இரண்டாவது பாட்டுக்குள் எல்லோரும் கழுத்துவரை போர்த்திக்கொண்டார்கள்.

முன்வரிசையில் புலிப் போர்வையில் உட்கார்ந்திருந்த அப்பம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பைர்ட் கத்தோலிக்கர். அவர் காலத்தில் இங்கிலாந்தில் கத்தோலிக்கப் பூசைக்குத் தடை. நாங்கள் பாடிய அவருடைய திருப்பலிப் பாடல்களை 1590-களில் தலைப்புப் பக்கமே இல்லாமல் அச்சடித்தார்கள். பெரிய வீடுகளின் உள்ளே, நம்பிக்கையானவர்கள் மட்டும் கூடிப் பாடியது. நடத்துநர் இதை அறிமுகத்தில் சொல்ல, பேத்தி மொழிபெயர்த்தாள். கடைசிப் பகுதியான ஆக்னுஸ் டேயி முதலில் சோப்ரானோவும் ஆல்டோவும் மட்டும்தான். ஆல்டோவில் நான் இருக்கிறேன், குரல் நடுங்கியது குளிரால் மட்டுமல்ல. பிறகு மூன்று குரல், கடைசியில் நாலும் சேர்ந்து எங்களுக்கு அமைதியைத் தாரும் என்று ஒன்றின் மேல் ஒன்று உரசி உரசி இறங்கி முடியும். முடிந்த பிறகு அப்பம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் பாடினது வெளியில கேக்கப்படாது எண்டுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எங்களுக்கும் தெரியும்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதே திருப்பலிப் பாடல்களில் குளோரியா என்கிற பகுதி முடிந்ததும் கைதட்டியவர்களுக்கும் நன்றி. நடுவில் தட்டக் கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கிறதுதான். ஆனால் அன்று தட்டியது கை சூடாகவும் உதவியது என்று பாஸ் வரிசையில் சொன்னார்கள்.

இடைவேளைக்குப் பற்றிஸும் ரோல்ஸும் பொரித்த அன்ரிமாருக்கும், இஞ்சி போட்ட பிளேன்டீயை வாளி வாளியாக ஊற்றியவர்களுக்கும் எப்படி நன்றி சொல்ல? எங்கள் குழுவின் பழைய பிஸ்கட் தட்டு அன்று யாராலும் தொடப்படவில்லை. ஒத்திகைகளில் மட்டும் பியானோ வாசித்துவிட்டு, கச்சேரி அன்று வாசலில் டிக்கெட் கிழித்த பெண்மணிக்கும், பழைய இசைத்தாள்களைப் பார்த்து இன்றைய நொட்டேஷனில் எழுதி, கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி என்கிற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகப் போட்டுவைத்திருக்கும் முகமறியாத ஆட்களுக்கும் இதிலேயே ஒரு கும்பிடு. அவர்கள் இல்லாவிட்டால் புத்தகம் வாங்கியே பாதிப் பணம் போயிருக்கும்.

பணத்தைப் பற்றி. அச்சு, காப்பீடு, ஹால் செலவெல்லாம் எங்கள் சந்தாவில் போய்விடும். டிக்கெட்டிலும் உண்டியலிலும் வந்தது அப்படியே இரண்டு இடத்துக்கும் சரிபாதி. முழுக் கணக்கு தேவாலயக் கதவில் ஒட்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். கார்டு மெஷின் அந்தத் தடித்த சுவருக்குள் சிக்னல் இல்லாமல் படுத்துவிட்டது. மன்னிக்கவும். காகித உறையில் பணம் வைத்து, பெயர், வீட்டு முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தனி நன்றி. நீங்கள் இங்கே வரி கட்டுகிறவராக இருந்தால், கிஃப்ட் எய்ட் திட்டத்தில் நீங்கள் போட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். டிக்கெட் பணத்துக்கு அது கிடையாது, ஏனென்றால் அதற்குப் பதிலாகக் கச்சேரி கேட்டுவிட்டீர்கள். அதனால்தான் வாசலில் உறையோடு உங்களைத் துரத்தினோம். உணவு வங்கியில் இருப்பவர்கள், பாஸ்தாவும் பீன்ஸும் யாராவது கொடுத்துவிடுகிறார்கள், எண்ணெய்க்கும் சோப்புக்கும் குழந்தைகளின் நாப்பிக்கும்தான் தட்டுப்பாடு, காசாகக் கிடைத்தால் அதை வாங்க வசதி என்றார்கள்.

மூன்று மாதமாக வீட்டில் குளியலறைக்குள்ளிருந்து ஒரே ஆல்டோ வரியைக் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கும் சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவர்களுக்கும் என்ன சொல்வது? அடுத்த வருஷமும் உண்டு.

கடைசியாக ஒரு வேலை. போர்வைகளைத் துவைத்து, மடித்து, கடையில் வைத்திருக்கிறோம். மூன்று மட்டும் இன்னும் யாரும் எடுக்கவில்லை: ஓரத்தில் தையல் விட்ட பச்சைக் கம்பளி, யானை போட்ட குழந்தைப் போர்வை, அந்த விமானப் போர்வை. நீல மூடி போட்ட பற்றிஸ் டப்பா ஒன்றும் இருக்கிறது. மூடி இருக்கிறது, டப்பாவைக் காணோம். யார் வீட்டிலாவது மூடியில்லாத டப்பா இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆல்டோ வரிசையில் இரண்டாவதாக நின்றவள்