வரைபடம் வரைந்து தந்த அக்காக்களுக்கும் கூட நின்றவர்களுக்கும் நன்றி

அன்புள்ள அக்காக்களுக்கும் தங்கைகளுக்கும், தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

எச்.ஐ.வி. தடுப்புக் களப்பணியில் உருப்படியாக நடப்பது எதுவோ, அது பாலியல் தொழில் செய்யும் நீங்கள் சொல்லிக் கொடுத்து நடப்பது. பெயர் சொல்லி நன்றி கூற முடியாது. பெயரை வெளியே விடக் கூடாது என்பதுதான் உங்களிடம் கற்ற முதல் பாடம். ஆகவே செய்த உதவியைச் சொல்லி நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி முகம் தெரியாதவர்களுக்கு. 1986-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) சோதித்தபோது 6 மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. இந்தியாவுக்குள் கிருமி வந்துவிட்டது என்று நாடு அறிந்துகொண்டது சென்னையில் பாலியல் தொழில் செய்த அந்தப் பெண்களின் ரத்தத்தால்தான். அதற்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தது நோய் பரப்புகிறவர்கள் என்ற பழி. அவர்களிடம் கிருமி வந்தது யார் வழியாக என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

அடுத்து, தரையில் சார்ட் பேப்பரை விரித்து ஊர்ப் படம் வரைந்த அக்காக்களுக்கு. பேருந்து நிலையம், லாட்ஜ், சினிமா தியேட்டர் வாசல், டாஸ்மாக் பக்கத்துச் சந்து என்று இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு போவது களப்பணியில் வழக்கமாக நடக்கிற தவறு. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் நேரத்தையும் எழுத வைத்தது நீங்கள். சாலையில் நிற்பவர்களைச் சாயங்காலம் தொழில் தொடங்கும் முன் பார்க்க வேண்டும். தொடங்கிய பிறகு போய்ப் பேசினால் அன்றைய வருமானம் கெடும். வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்களைப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் பார்த்துவிட வேண்டும். இதெல்லாம் தெரியாமல் காலை 10 மணிக்குப் போய்விட்டு, அங்கே யாரும் இல்லை என்று பதிவேட்டில் எழுதினால், அந்தப் பதிவு களப்பணியாளரின் தூக்க நேரத்தைத்தான் காட்டும், உங்கள் வாழ்க்கையை அல்ல. இப்போது பெரும்பாதித் தொழில் கைபேசியில் நடக்கிறது. பழைய படத்தில் இருக்கிற புள்ளிகளில் பலர் நிற்பதே இல்லை. படத்தை 6 மாதத்துக்கு ஒரு முறை திரும்ப வரையச் சொன்னதும் நீங்கள்தான். கைபேசியில் அனுப்பும் செய்தியை வீட்டுக்காரர் பார்த்தாலும் விளங்காதபடி, "சீட்டுப் பணம் எப்போது தருவீர்கள்" என்பது போன்ற ஒரு வரியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் யோசனையும் உங்களுடையது.

ஆணுறைக் கணக்கு தனியாகச் சொல்ல வேண்டியது. ஆளுக்கு ஒரு கட்டு என்று எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது பார்க்க நியாயமாக இருக்கும், பலன் இருக்காது. ஒருவருக்கு நாளைக்கு 3 கஸ்டமர், வாரம் 5 நாள் என்றால் 15 வேண்டும். கிழிவது, தோழிக்குக் கொடுப்பது, எதிர்பாராமல் வருபவர் எல்லாம் சேர்த்து இன்னும் 3 கூட வைத்தால் 18. வாரம் 2 பேர் மட்டும் வருகிற அக்காவுக்கு அதே 18-ஐத் திணித்தால் அது அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்து காலாவதியாகும். சம்பளத் தேதியை ஒட்டிய நாட்களிலும் திருவிழா நேரத்திலும் எண்ணிக்கை மாறும். ஏறத்தாழ 60 பெண்களுக்கு ஒருவர் என்று வேலை செய்கிற பியர் தோழிகள் (உங்களிலிருந்தே வந்து மற்றவர்களுக்கு வழிகாட்டுபவர்கள்) இந்தக் கணக்கைத் தலைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி வணக்கம். வாரத் திட்டம் என்று நாங்கள் எழுதுவது அவர்கள் சொன்னதன் நகல்தான்.

ஆணுறை ஏன் கிழிகிறது என்று வெட்கப்படாமல் விளக்கிய அக்காக்களால் பலர் தப்பித்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் ரப்பர் இளகிவிடும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்தான் சரி. பாதுகாப்பு என்று நினைத்து இரண்டு உறையைச் சேர்த்துப் போட்டால் ஒன்றோடு ஒன்று உரசிக் கிழியும். சில்லறைக் காசோடு பர்சில் வைத்தாலோ, நாள் முழுக்க ரவிக்கைக்குள் வைத்தாலோ உராய்விலும் சூட்டிலும் பழுதாகும். தேதியைப் பார்த்து, பாக்கெட்டை அமுக்கி உள்ளே காற்று இருக்கிறதா என்று பார்த்து, உறையை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பிரித்து, நுனியைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு உருட்ட வேண்டும். இதைப் பகலில் மரக்கட்டை மாதிரியை வைத்துக் காட்டுவது சுலபம். வேலை நடப்பது இருட்டில். எந்தப் பக்கம் உருளும் என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்கக் கண்ணைக் கட்டிக்கொண்டு பழக வேண்டும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் செயல்விளக்கம் ஒழுங்கானது. கிழிந்துவிட்டால் சோப்பு, டெட்டால், எலுமிச்சை என்று எதையும் உள்ளே விட்டுக் கழுவ வேண்டாம். உள்தோல் புண்ணானால் கிருமிக்கு வழி திறக்கும். கூடிய சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள், ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை) மருத்துவரைப் பார்க்க வேண்டும். தடுப்பு மாத்திரை தேவை என்று அவர் சொன்னால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

மனதைத் திறந்து இன்னொன்றும் சொன்னீர்கள். அதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். கஸ்டமரிடம் உறை இல்லாமல் முடியாது என்று கறாராகச் சொல்கிற அக்கா, வீட்டுக்காரரிடமோ நம்பிப் பழகுகிறவரிடமோ அதைச் சொல்வதில்லை. உறையை எடுத்தால் "என்னையும் அவர்களில் ஒருவனாக நினைக்கிறாயா" என்ற பேச்சு வரும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்திருந்தால் கர்ப்பத்தைச் சாக்காகச் சொல்லவும் வழியில்லை. விழிப்புணர்வு இல்லாததால் இப்படி நடக்கிறது என்று எழுதுகிறவர்களுக்கு இந்த வாழ்க்கை தெரியாது. விழிப்புணர்வு நிறைய இருக்கிறது. பாசமும், கைவிட்டுவிடுவாரோ என்ற பயமும் அதைவிடப் பெரிதாக இருக்கின்றன. வெள்ளைப்படுதலுக்கு மருந்து சாப்பிடுகிறேன், டாக்டர் கொஞ்ச நாள் போடச் சொன்னார் என்று தொடங்குவது சிலருக்குக் கைகொடுக்கும். இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குப் போவது அதைவிட நல்லது.

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையங்களின் ஆலோசகர்களுக்கும் ஆய்வக நுட்பநர்களுக்கும் நன்றி. 6 மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வருகிறவரை "மறுபடியுமா" என்று கேட்காமல் இருப்பது பெரிய உதவி. அந்த ஒரு சொல்லால் அடுத்த முறை வராமல் போனவர்கள் உண்டு. களத்தில் விரல் நுனி ரத்தத்தில் பார்ப்பது முதல் கட்டம் மட்டுமே, மையத்தில் உறுதி செய்யும் வரை அது முடிவல்ல என்று பொறுமையாகச் சொல்கிறீர்கள். அண்மையில் ஆபத்து நேர்ந்திருந்தால், இன்று இல்லை என்று வந்தாலும் 3 மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்கிறீர்கள். கிருமி இருப்பவர்கள் மாத்திரையை வேறு டப்பாவில் மாற்றி வீட்டில் வைத்துக்கொள்ளவும், ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக அது பரவாது என்று நம்பவும் உதவியது நீங்கள்தான்.

உள்பரிசோதனை செய்யும்முன் கருவியைக் கையில் கொடுத்துக் காட்டி, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. புண்ணோ சீழோ இல்லாமலும் பால்வினை நோய் உள்ளே இருக்கலாம், அதனால் 3 மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதை உங்கள் கனிவால்தான் ஏற்றுக்கொள்ள வைக்க முடிகிறது.

பையில் ஆணுறை இருந்ததைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டாத காவலர்களுக்கும் நன்றி. பிடிபடும் பயம் இருந்தால் பெண்கள் உறையைப் பையில் வைக்க மாட்டார்கள். எத்தனை பெட்டி இலவசமாகக் கொடுத்தாலும் வீண். 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றமும் ஆணுறையைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம், சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதையும் முடிவை வெளியே சொல்வதையும் தடுக்கிறது. இவற்றைக் காவல் நிலையங்களில் எடுத்துச் சொன்ன வழக்கறிஞர்களை மறக்க மாட்டோம்.

கடைசியாக லாட்ஜ் பையன்களுக்கும், ராத்திரி ஆட்டோ அண்ணன்களுக்கும், டீக்கடைக்காரர்களுக்கும். ஆணுறைப் பெட்டியை அடுப்புப் பக்கம் வைக்காமல் கல்லாவுக்குக் கீழே நிழலில் வைத்து, யார் எடுத்தார்கள் என்று பார்க்காமல் திரும்பிக்கொள்கிறீர்கள். பாதி காலியானதும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். அன்று சாயங்காலத்துக்குள் வந்து நிரப்பிவிடுகிறோம். சந்தேகம் கேட்கிறவர்களிடம் 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணைச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது.

நன்றியுடன்,
களப்பணிக் குழுவினர்