கம்மின்ஸின் ஐந்தாண்டு இடைவெளி: சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விளையாட்டுப் பக்கத்தில் ஆஸ்திரேலிய கேப்டன் பேட் கம்மின்ஸ் பற்றி வந்த கட்டுரை விறுவிறுப்பாகவே இருந்தது. ஆனால் 2011 முதல் 2017 வரை அவருக்கு நேர்ந்ததை 'முதுகுவலி' என்றும், திரும்பி வந்ததை 'அதிசயம்' என்றும் எழுதி முடித்துவிட்டார் கட்டுரையாளர். எந்த எலும்பில் ஏன் விரிசல் விழுந்தது, அது பிறகு எப்படித் தாங்கியது என்று பார்த்தால்தான் அந்த ஐந்தாண்டுகள் புரியும்.

முதலில் நாட்கணக்கு. கம்மின்ஸின் முதல் டெஸ்ட் 2011 நவம்பர் 17 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கியது. வயது 18 ஆண்டு 193 நாள். இரண்டாவது இன்னிங்ஸில் 79 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். 310 ரன் இலக்கைத் துரத்தியபோது வெற்றி ரன்னை அடித்தவரும் அவர்தான். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச் 16 அன்று ராஞ்சியில். இடையில் 1,946 நாள். கட்டுரையில் சொன்னபடி அந்தக் காலம் முழுக்க அவர் கிரிக்கெட்டே ஆடாமல் இருக்கவில்லை. 2012-இல் இலங்கையில் நடந்த டி20 உலகக் கோப்பையில் ஆடினார். 2015 உலகக் கோப்பை வென்ற அணியிலும் இருந்தார். அவர் ஆடாதது டெஸ்ட் மட்டுமே. உள்நாட்டில் நான்கு நாள் ஆட்டங்களும் ஏறக்குறைய கிடையாது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் காயத்தின் காரணமே பிடிபடாது.

வலக்கை வேகப்பந்து வீச்சாளர் பந்தை விடும் நொடியில் இடது கால் கிரீஸில் ஊன்றுகிறது. அந்த ஊன்றலில் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல் ஐந்தாறு மடங்கு. அதே நேரத்தில் முதுகு பின்னால் வளைந்து, இடப்பக்கம் சாய்ந்து, திருகவும் செய்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து இடுப்பின் கடைசி இரண்டு முள்ளெலும்புகளில், அதாவது எல்-4, எல்-5 ஆகியவற்றில் இறங்குகின்றன. ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்பக்கமும் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் ஒரு சிறிய எலும்புப் பாலம் உண்டு. மருத்துவர்கள் 'பார்ஸ்' என்பார்கள். விரல் தடிமன்கூட இருக்காது. விரிசல் விழுவது அங்கேதான், பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில். சுண்டு விரலளவு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் எப்படி விட்டுப்போகுமோ, அப்படி.

கம்பிக்கும் எலும்புக்கும் ஒரு வித்தியாசம்: எலும்பு தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும். ஆனால் பழுதுபார்க்கும் வரிசைதான் சிக்கல். சேதமான பகுதியை உடல் முதலில் அரித்து எடுக்கிறது. அதற்குச் சில வாரங்கள். புது எலும்பை நிரப்பி இறுக்குவதற்குப் பல மாதங்கள். அந்த இடைவெளியில் பாலம் முன்பிருந்ததைவிட மெலிந்து நிற்கும். வீச்சாளருக்கோ வலி தெரியாது, அல்லது லேசான பிடிப்பாகத் தெரியும். அப்போது சுமையைக் கூட்டினால் விரிசல்தான். அதோடு, இடுப்பு முள்ளெலும்புகள் முழு அடர்த்தி பெறுவது இருபதுகளின் நடுப்பகுதியில். பதினெட்டு வயதுப் பையன் மணிக்கு 145 கி.மீ. வேகத்தில் வீசலாம், தசை தயார், எலும்பு தயாரில்லை.

2011 மார்ச்சில் நியூ சவுத் வேல்ஸ் மாநில அணிக்காக, ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் போட்டியான ஷெஃபீல்டு ஷீல்டில் அறிமுகமான கம்மின்ஸ், அதே மாதம் டாஸ்மேனியாவுக்கு எதிரான ஐந்து நாள் இறுதியாட்டத்தில் வளர்ந்த ஆட்களுக்கு நிகராக ஓவர் வீசினார். அப்போது அவருக்கு 17 வயது. ஜோகன்னஸ்பர்க் டெஸ்ட் அவருக்கு நான்காவது முதல்தர ஆட்டம் மட்டுமே. முதலில் குதிகால் காயம். பிறகு 2012 இறுதியில் முதுகில் அழுத்த முறிவு, அதாவது மேலே சொன்ன விரிசல். 2013-இல் மீண்டும். 2015-இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்துக்குப் பிறகு மீண்டும். ஒவ்வொரு முறையும் ஆறியதும் டி20, ஒருநாள் ஆட்டங்கள் வழியாகத்தான் திரும்பினார்.

அந்த வழி பாதுகாப்பானதுதான், ஓரளவுக்கு. டி20-இல் அதிகபட்சம் 24 பந்து. ஒருநாள் ஆட்டத்தில் 60. டெஸ்டில் ஒரே நாளில் 20 ஓவர் என்றால் 120 பந்து, மறுநாளும் அதே கதை. 24 பந்துக்குப் பழகிய எலும்பு 24 பந்துக்குத் தேவையான அளவுக்குத்தான் தடிக்கும். அதைத் திடீரென்று டெஸ்டுக்குள் தள்ளினால் மறுபடியும் முதல் படியில் நிற்க வேண்டியதுதான். தேர்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் அவரை டெஸ்டுக்கு எடுக்கத் தயங்கியதை 'அவநம்பிக்கை' என்று கட்டுரை சொல்கிறது. என் பார்வையில் ஆஸ்திரேலிய நிர்வாகம் அவர் விஷயத்தில் செய்த மிகச் சரியான வேலை அந்தத் தயக்கம்தான். தப்பு நடந்தது அதற்கு முன்னால், 2011-இல்.

இத்தகைய முறிவுக்கு வழக்கமான சிகிச்சை என்ன என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லலாம். ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையும்போது இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் சுரீரென்று குத்தினால் மருத்துவருக்குச் சந்தேகம் வரும். எம்.ஆர்.ஐ. படத்தில் எலும்பு மஜ்ஜையின் வீக்கம் வெண்மையாகத் தெரியும். விரிசல் விழுவதற்கு முன்பே தெரியும் என்பதுதான் அதன் அருமை. பிறகு மாதக்கணக்கில் பந்தைத் தொடக்கூடாது. வலி அடங்கியபின் நடை, மெதுவோட்டம், இடுப்பையும் தொடையையும் பலப்படுத்தும் பயிற்சி. அடுத்து நின்ற இடத்திலிருந்தே கை சுழற்றுவது, நான்கைந்து அடி நடந்து வீசுவது, அரை ரன்-அப், கடைசியில் முழு ரன்-அப். ஒருநாள் விட்டு ஒருநாள், முதலில் இரண்டு மூன்று ஓவர், வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாக ஏற்றம். எண்ண வேண்டியது ஓவர் அல்ல, பந்து. நெட்ஸில் (வலைப்பயிற்சியில்) வீசுவதும் கணக்கில் சேரும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆட்டத்தில் ஆறு ஓவரோடு நிறுத்திவிட்டு, மறுநாள் நெட்ஸில் எழுபது பந்து வீசுவார்கள். எலும்புக்கு ஆட்டமும் நெட்ஸும் ஒன்றுதான். நீண்ட ஓய்வுக்குப் பின் முதல் வாரத்திலேயே பழைய கணக்குக்குத் தாவுவது இன்னொரு தவறு. சிலருக்கு இவ்வளவு செய்தும் விரிசல் மூடாது. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர்கள் ஜேசன் பெஹ்ரெண்டார்ஃப், ஜேம்ஸ் பாட்டின்சன் இருவரும் நியூசிலாந்துக்குச் சென்று, திருகாணியும் கம்பியும் வைத்து முள்ளெலும்பை இறுக்கிக்கொண்டார்கள்.

வீசும் முறையையும் கம்மின்ஸ் திருத்தினார். அதற்கு உதவியவர் முன்னாள் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி. பொருத்தமான ஆள்: 1973-இல் மேற்கிந்தியச் சுற்றுப்பயணத்தில் லில்லிக்கும் இதே முதுகெலும்பு முறிவு, உடம்பில் மாவுக்கட்டுப் போட்டுக் கிடந்து, 1974-75 ஆஷஸில் (இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் தொடரில்) திரும்பி வந்தவர். பின்கால் ஊன்றும்போது இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலும் நின்றால், பந்தை விடுவதற்குள் தோள் திரும்பி வந்தாக வேண்டும். அந்தத் திருகல்தான் பார்ஸை அரைக்கும். இடுப்பும் தோளும் ஒரே திசை பார்த்தால் திருகல் குறையும். பழகிய ஆக்‌ஷனை மாற்றுவது எளிதல்ல. களைப்பு ஏறியதும் உடம்பு பழைய வழிக்கே போகும். அதனால்தான் தொடர்ந்து வீசும் ஸ்பெல்லின் கடைசி ஓவர்கள் ஆபத்தானவை.

இனி 'அதிசய' ராஞ்சி. சக வேகப்பந்து வீச்சாளர் மிட்செல் ஸ்டார்க் கால் முறிவோடு வீடு திரும்ப, சிட்னியில் ஆறு ஆண்டுக்குப் பின் தன் முதல் ஷீல்டு ஆட்டத்தை ஆடி எட்டு விக்கெட் எடுத்திருந்த கம்மின்ஸ் விமானம் ஏறினார். இந்தியா 210 ஓவர் ஆடிய அந்த இன்னிங்ஸில் அவர் 39 ஓவர் வீசி, 106 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார். அவற்றில் ஒன்று கோலி. 234 பந்து! அப்போது அவருக்கு வயது 24-ஐ நெருங்கியிருந்தது. அதே ஆண்டு இறுதியில் தொடங்கிய ஆஷஸில் ஐந்து டெஸ்டும் ஆடி 23 விக்கெட் எடுத்து முதலிடம் பிடித்தார். 2025 ஜூனில் லார்ட்ஸில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 28 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தபோது 300 டெஸ்ட் விக்கெட்டைத் தொட்டார்.

முதுகு அவரை அடியோடு விட்டுவிடவும் இல்லை. 2018-இல் ஐ.பி.எல்.-இல் ஆட முடியாமல் போனது அதனால்தான். 2025-இல் மறுபடியும் இடுப்பு முள்ளெலும்பில் அழுத்தம் தெரிய, ஆஷஸின் முதல் இரண்டு டெஸ்டில் அவர் இல்லை. 19 வயதில் தாமதமாகத் தெரிந்தது 32 வயதில் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

காயத்தில் கிடந்த காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை என்று கட்டுரை சொல்வது உண்மை. சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வணிகப் பட்டம் படித்தார். ஆனால் 2021-இல் கேப்டனானபோது அவர் 'ஆஸ்திரேலியாவின் முதல் வேகப்பந்து வீச்சாளர் கேப்டன்' என்று எழுதியது தவறு. 1956-இல் மும்பையில் ரே லிண்ட்வால் ஒரு டெஸ்டுக்குத் தலைமை தாங்கியிருக்கிறார். நிரந்தர கேப்டன் என்றால்தான் கம்மின்ஸ் முதலாமவர்.

கடைசியாக ஒன்று. சிறு வயதில் கதவிடுக்கில் சிக்கி அவர் நுனியை இழந்தது ஆள்காட்டி விரலில் அல்ல, வலக்கை நடுவிரலில். அதனால்தான் பந்தைப் பிடிக்கும்போது அந்த இரண்டு விரலும் சீமுக்கு (பந்தின் தையலுக்கு) இருபுறமும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் நிற்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்