காணியை மறந்திட்டு அறுவடைக்குப் போ, மகள்

அன்பு மகளுக்கு,

அங்க வைன் படிப்பு முடிய ஊருக்கு வந்து எங்கட வெற்றிலைக் காணியில முந்திரிகை (திராட்சை) போட்டு வைன் செய்யப்போறன் எண்டு எழுதியிருக்கிறாய். வாசிக்கச் சந்தோசம்தான். ஆனா வேணாம், புள்ள.

மணலில பிலொக்சரா பூச்சி வாழாது, அதால எங்கட களுதாவளை மணல் தரை தோது எண்டு நீ எழுதினது சரி. 1860களில வேரைத் தாக்கிப் பிரான்சு முந்திரிகைத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கின பூச்சி அது. அமெரிக்கக் கொடியின்ட வேரில ஒட்டுக் கட்டித்தான் அவங்க தப்பினவங்க. நீ இருக்கிற தென் அவுஸ்திரேலியாவுக்குள்ள அது வராததால பரோசாவில 1843இல நட்டதாச் சொல்லுற கொடி இன்னும் சொந்த வேரில காய்க்குது எண்டு படிச்சன். ஒருக்கா அதைப் போய்த் தொட்டுப் பார்த்து எனக்கு எழுது.

ஆனா இங்க கொடியைக் கெடுக்கப்போறது மழை. ஐப்பசியில தொடங்கினாத் தை மட்டும் இலை காயாது. வெற்றிலை நிழலும் ஈரமும் கேட்கிற கொடி. அதுக்கே மாரியில புள்ளி விழுந்து எவ்வளவு இலையைக் கிள்ளி எறியிறம்! முந்திரிகை இலைக்குக் கீழ பூஞ்சணம் பிடிச்சா என்ன மிஞ்சும்?

மழையில்லாத கச்சான் காத்துக் காலத்தில பழுக்கிற மாதிரிக் கவ்வாத்துப் பண்ணலாம் எண்டு சொல்லுவாய். ஓம், இங்க குளிர் இல்லாததால கொடி உறங்காது, வெட்டினாத் துளிர்த்துப் பூக்கும். யாழ்ப்பாணத்தில அப்பிடித்தான் பந்தலில காய்க்க வைக்கிறாங்க. அது திங்கிற பழம். ராவும் சூடா இருந்தாப் பழத்தில சீனி ஏறும், புளிப்பு இறங்கிப் போகும் எண்டு நீதானே எனக்குச் சொல்லித் தந்தாய். புளிப்பில்லாத வைன் சப்பெண்டு கிடக்கும். அங்க தோலகட்டியில கத்தோலிக்க ஆச்சிரமத்தில செய்யிற வைன் இருக்கே எண்டு கேட்பாய். இருக்கு, நல்லதுதான். அதைப் பார்த்து நீ உன்ட வாழ்க்கைக்குத் திட்டம் போடேலாது.

ஊரையும் யோசி. 2017இல கல்குடாப் பக்கம் மதுசாரத் தொழிற்சாலை கட்டத் தொடங்கின நேரம் சனம் எப்பிடி எதிர்த்தது எண்டு உனக்குத் தெரியும். அதில பிழை இல்ல. குடியால அழிஞ்ச குடும்பம் எங்கட ஒழுங்கையிலயே இருக்கு. பிள்ளையார் கோயிலில ஆரும் கேட்டா அம்மா இன்னும் 'பழத் தொழில்நுட்பம்' எண்டுதான் சொல்லுறா. ருசி பார்த்திட்டுத் துப்புறதுதான் வேலை எண்டு விளங்கப்படுத்தின பிறகு கொஞ்சம் ஆறுதல். அப்பப்பா வெற்றிலை துப்பின படிக்கத்தை அனுப்பட்டோ எண்டு கேட்கிறா.

இப்ப நான் சொல்லுறதைக் கேள். அங்க மாசி தொடக்கம் சித்திரை மட்டும் அறுவடை. ஐரோப்பாவில புரட்டாதி, ஐப்பசி. பட்டம் கையில கிடைச்ச உடன ரெண்டு பக்கமும் போய் வேலை செய். ஒரே இடத்தில இருந்தா வருசத்துக்கு ஒருக்காத்தான் வைனில கை வைக்கலாம், பழகி முடிய வயசு போயிரும். போர்தோவில இடம் கிடைச்சா, பிரான்சில மாமா இருக்கிறார், பயமில்ல. அதுக்கு முதல் இந்த ஆனி, ஆடிக் குளிரில கவ்வாத்து வேலைக்குப் போ. ஆய்வுகூடத்தில சீனி அளக்கிறது எல்லாருக்கும் வரும். கொடி வெட்டத் தெரியாத ஆள் சொல்லுறதைத் தோட்டக்காரன் கேட்கமாட்டான். நான் கேட்டதில்ல.

ஒண்டு மட்டும் கண்டிப்பு. சாறு நொதிக்கிற தாங்கியில காபனீரொட்சைட்டு தேங்கி நிக்கும், மணமில்லாததால தெரியவும் மாட்டாது. எங்கட ஆக்கள் பாழ்கிணத்துக்குள்ள இறங்க முதல் விளக்கை இறக்கிப் பார்க்கிற மாதிரி, நீயும் கருவி வச்சு அளக்காம ஒரு தாங்கிக்குள்ளயும் தலை நீட்டாத. மேலாளர் அவசரப்படுத்தினாலும் சரி.

காணியைப் பற்றிக் கவலைப்படாத. வெற்றிலை இருக்கு, ஓரத்தில பாகலும் போட்டிருக்கன். பாகல் இலையில வெள்ளையாச் சாம்பல் பிடிச்சிருக்கு. முந்திரிகைக்குக் கந்தகம் அடிக்கிறம் எண்டு சொன்னாயே, எந்த அளவில கலக்கிறீங்க, வெயில் எவ்வளவு ஏறினா நிப்பாட்டுறீங்க எண்டு கேட்டு எழுது. இங்க வெயிலில அடிச்சா இலை கருகுது.

அன்புடன்,
அப்பா