இணையத்தில் வைர மோதிரமா, கொஞ்சம் பொறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிச்சயதார்த்த மோதிரத்தையும் இணையத்திலேயே வாங்கிவிடுகிறார்கள் நம் பிள்ளைகள், லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறி இறங்க யாருக்குப் பொறுமை இருக்கிறது. சரி, வாங்கட்டும். ஆனால் சான்றிதழ் இருக்கிறது என்று விற்பவர் சொன்னதுமே பணத்தை அனுப்பிவிடாதீர்கள். ஜிஐஏ (வைரங்களின் தரத்தை ஆராய்ந்து சான்று தரும் அமெரிக்க நிறுவனம்) சான்றிதழ் என்றால் அதன் எண்ணை ஜிஐஏவின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், எடையும் நிறமும் அப்படியே வரவேண்டும், கல்லின் விளிம்பில் அதே எண் லேசரில் பொறித்திருக்கிறதா என்றும் கேளுங்கள் (வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடி வேண்டும்). ஆய்வகத்தில் வளர்த்ததும் வைரம்தான், விலை மிகக் குறைவு, அதையே இயற்கை வைரம் என்று விற்றால்தான் வில்லங்கம். பார்க்க வைரம் போலவே இருக்கும் மொய்சனைட் வேறு கல். ஆனால் வெப்பத்தை வைத்துச் சோதிக்கும் சாதாரணக் கருவி அதையும் வைரம் என்றே காட்டிவிடும், அதனால் கருவியை வைத்துக் காட்டும் காணொளியை நம்பவேண்டாம்.

தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொன்னால், மோசடிப் புகார் வந்த கணக்குகளைக் காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தேடுங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம்தான், ஆனால் விற்றவர் வெளிநாட்டில் எங்கோ இருந்தால் யாரைப் போய்ப் பிடிப்பது? அப்புறம், விரல் அளவு சரியில்லை என்றால் மாற்றித் தருவார்களா என்பதையும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு