பின்னால் மாற்ற முடியாததை முதலில் பார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. ஏழாம் வகுப்புக்குப் போகும் மகளுக்குப் பாட வேலைக்கென்று கையைக் கடிக்காத விலையில் ஒரு லேப்டாப் வேண்டும், கடைக்காரர் காட்டிய மூன்றில் எது தேவலை என்று கேட்டிருக்கிறாய். மூன்றையும் இப்போதைக்கு ஒத்திப்போடு. நீ குறித்து அனுப்பியவற்றில் கணக்குப் போடும் சிப்பான ப்ராசஸரின் பெயரும் திரையின் அங்குலமும்தான் இருக்கின்றன. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவதும் அவை இரண்டும்தான். பிள்ளையின் வேலை தடங்கலில்லாமல் நடக்குமா என்பதைத் தீர்மானிப்பவை பொடி எழுத்தில் இருக்கின்றன.

குறைந்த பணத்தில் வாங்கும்போது எல்லாமே நன்றாக அமையாது. எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். பின்னால் மாற்றிக்கொள்ள முடிவதை விட்டுக்கொடு, மாற்றவே முடியாததில் கைவைக்காதே. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி சிறியதாக இருந்தால் பிறகு பெரிதாகப் போடலாம், பேட்டரி தளர்ந்தால் மாற்றலாம். ப்ராசஸர், திரை, அதை உடம்போடு இணைக்கும் கீல், போர்டோடு சேர்த்துச் சால்டர் வைத்த (உருக்கி ஒட்டிய) ரேம் ஆகியவை வாங்கிய அன்று எப்படியோ பெரும்பாலும் கடைசிவரை அப்படியேதான்.

முதலில் ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைக் கணினி அப்போதைக்கு வைத்திருக்கும் இடம். 8 ஜிபிக்குக் கீழே இறங்காதே. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது, நிறுவுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச அளவு. அந்த 4 ஜிபியில் கணினி எழுந்து நின்றதுமே பாதிக்கு மேல் போய்விடும். உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கும் அதிலிருந்தேதான் பங்கு. மிச்சத்தில் அவள் வீடியோ வகுப்பைத் திறந்து, பக்கத்தில் பாடப் பிடிஎஃப் ஒன்றும் பிரவுசரில் ஏழெட்டு பக்கங்களும் வைத்தால் இடம் போதாது. போதாத பகுதியை விண்டோஸ் டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கும். ஆசிரியர் குரல் விட்டுவிட்டு வருவது, தட்டிய எழுத்து இரண்டு விநாடி கழித்துத் திரையில் விழுவது எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். வீட்டில் எல்லாரும் இன்டர்நெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

விவரப் பட்டியலில் ரேம் வகை எல்பிடிடிஆர்4 அல்லது எல்பிடிடிஆர்5 என்று இருந்தால், இந்த விலையில் கிடைக்கும் லேப்டாப்களில் அது போர்டில் சால்டர் வைத்ததாகவே இருக்கும். கூட்ட வழியில்லை. முன்னால் அந்த 'எல்பி' இல்லாமல் வெறும் டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 என்று இருந்தால் ரேமைச் செருகும் ஸ்லாட் இருக்க வாய்ப்புண்டு, ஆனால் அதிலும் சில மாடல்களில் ஒட்டியே வைத்திருப்பார்கள். ஆகவே 'ஸ்லாட் எத்தனை, அதில் காலி எத்தனை' என்று கேள். 8 ஜிபி போக ஒரு ஸ்லாட் காலியாக இருப்பது கிடைத்தால், அதே விலையில் வரும் பளபளப்பான மற்றொன்றை விட்டுவிட்டு இதை எடு. இரண்டாவது ரேமை இரண்டு வருடம் கழித்துப் போட்டால், வேகம் கூடுவதை அவளே சொல்வாள்.

அடுத்தது டிஸ்க். '64 ஜிபி இஎம்எம்சி' என்று எழுதியிருந்தால் அதோடு அந்த லேப்டாப்பை மூடிவிடு. இஎம்எம்சி என்பது போர்டிலேயே ஒட்டிய சிப், எஸ்எஸ்டி போலக் கழற்ற முடியாது. அதன் வேகத்தின் உச்ச வரம்பு, காகிதக் கணக்கில், விநாடிக்கு 400 எம்பி. எஸ்எஸ்டியில் பழைய வகையான சாட்டாவே 500-ஐத் தாண்டும், புதிய வகையான என்விஎம்இ அதைப்போல் பல மடங்கு போகும். வேகத்தைவிடப் பெரிய தொல்லை இடம். விண்டோஸும் அதன் மீட்புப் பகுதியும் 64-ல் ஏறக்குறைய பாதியைப் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய அப்டேட் தற்காலிகமாகப் பல ஜிபி கேட்கும். இடம் இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும், மறுநாள் மறுபடி முயலும், மறுபடி நிற்கும். பிள்ளை அவளுடைய கோப்புகளையெல்லாம் அழித்தாலும் போதாது. 256 ஜிபி எஸ்எஸ்டி பள்ளி வேலைக்குத் தாராளம். '1 டிபி' என்று எழுதி, அடியில் அது ஒரு வருட இணையச் சேமிப்பு என்று பொடியாகப் போட்டிருந்தால் அது டிஸ்க் கணக்கில் வராது.

ப்ராசஸர் பெயரில்தான் ஏமாறுவது எளிது. ஐ5 என்றால் நல்லது, ஐ3 என்றால் மட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் கோடு போட்டு வரும் எண்ணைப் படி. ஐ5-7200யூ என்றால் ஏழாம் தலைமுறை, வேலையைப் பங்கிட்டுச் செய்யும் கோர் இரண்டே. ஐ3-1215யூ என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, ஆறு கோர். பின்னது வெகுதூரம் முன்னால் நிற்கும். 2023-ல் வந்த இன்டெல் என்100-கூட, நான்கு சிறிய கோர்களோடு, பழைய அந்த ஐ5-ஐ முந்திவிடும். மின்சாரமும் குறைவாகத்தான் எடுக்கும். உன் பட்டியலில் உள்ள செலரான் என்4020, என்4500 இரண்டிலும் கோர் இரண்டுதான். வீடியோ ஓடும்போது வேறு எதையும் தொட முடியாது. அத்லான் சில்வர் 7120யூ-வும் இரண்டு கோர் ஆசாமிதான், அதன் 7000 வரிசை எண்ணைப் பார்த்து மயங்காதே. நான்கு கோராவது இருக்கட்டும். என்100, ரைசன் 3 7320யூ, ஐ3-1215யூ ஆகிய மூன்றில் எது உன் பணத்துக்குள் வந்தாலும் சரி, நிரல் எழுதப் பழகும் ஸ்க்ராட்ச், பைத்தான், கூடவே விரிதாள் எல்லாம் நன்றாகவே ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். எடையும் சூடும்தான் கூடும்.

திரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவள் கண் தினம் மணிக்கணக்கில் அதன்மேல் இருக்கப்போகிறது. மலிவான மாடல்களில் இன்னும் 1366-க்கு 768 திரை வருகிறது. 1920-க்கு 1080 திரையில் புள்ளிகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பாடத்தை இடப்பக்கமும் குறிப்பேட்டை வலப்பக்கமும் வைத்து எழுத இதில்தான் முடியும். தமிழ் எழுத்தின் சுழியும் புள்ளியும் கூர்மையாகத் தெரிவதும் இதில்தான். இன்னொன்று பேனல் வகை. டிஎன் பேனலை நேராகப் பார்த்தால் சரியாக இருக்கும், கீழிருந்து பார்த்தால் நிறம் தலைகீழாகும். பிள்ளைகள் நிமிர்ந்து ஒரே இடத்தில் உட்காருவதில்லை. ஐபிஎஸ் பேனலில் எங்கிருந்து பார்த்தாலும் எழுத்து மாறாது. கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. முகம் ஒன்றின் படத்தைத் திரையில் வைத்து, திரையை மெல்லச் சாய்த்துப் பார். முகம் கருத்தாலோ வெளிறினாலோ அது டிஎன். வெளிச்சம் 250 நிட்ஸ் என்பது வீட்டுக்குள் போதும், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராத வரை.

கீலை யாரும் பார்ப்பதில்லை, மலிவு லேப்டாப் பலவும் உயிரை விடுவது அங்கேதான். அடியில் பிளாஸ்டிக்கில் புதைத்த சிறு பித்தளைத் திருகுக்குழிகள்தான் கீலைப் பிடித்திருக்கின்றன. ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கத் திறக்க அந்தப் பக்கக் குழி பிடுங்கிக்கொண்டு வரும், பிறகு சட்டம் பிளக்கும், அதன் வழியே போகும் திரை ஒயரும் அறும். கடையில் ஒரு கையால் நடுவில் பிடித்துத் திற. உடம்பு மேலெழும்பாமல், கிரீச்சென்ற சத்தமில்லாமல், நடுவழியில் நிறுத்தினால் அங்கேயே நிற்க வேண்டும். அவளுக்கும் நடுவில் பிடித்துத் திறக்கவே பழக்கு.

பள்ளியில் ஒன்று விசாரித்துக்கொள்: தேர்வுக்கென்று தனி மென்பொருள் ஏதாவது கேட்கிறார்களா? எல்லாமே பிரவுசரில் நடக்கிறது என்றால் விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம்ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக் நல்லது. குறைந்த சக்தியிலும் சுறுசுறுப்பாக ஓடும், வைரஸ் கவலை குறைவு. ஆனால் தேர்வு நேரத்தில் வேறெதையும் திறக்கவிடாத பூட்டு பிரவுசர்களில் சில அதில் ஓடாது. மேலும் ஒவ்வொரு குரோம்புக்குக்கும் அப்டேட் முடியும் தேதி உண்டு. 2021-லிருந்து வந்தவற்றுக்குப் பத்து ஆண்டு, ஆனால் அந்தப் பத்து நீ வாங்கும் நாளிலிருந்து ஓடுவதில்லை, அதன் அடிப்படைத் தளம் முதலில் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்குக்கு இரண்டு மூன்று வருடமே மிச்சமிருக்கலாம். செட்டிங்ஸில் குரோம்ஓஎஸ் பற்றிய பகுதிக்குப் போய் அந்தத் தேதியைப் படித்துவிட்டு வாங்கு.

விண்டோஸ் என்றால், 'எஸ் மோட்' என்று இருக்கிறதா பார். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளதை மட்டுமே நிறுவ முடியும். பயப்பட வேண்டாம், காசு கட்டாமல் வெளியே வந்துவிடலாம், திரும்பிப் போகத்தான் முடியாது. தமிழில் தட்டச்சு செய்யத் தனியாக எதுவும் வாங்காதே. விண்டோஸ் 11-லேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். ஆஃபீஸுக்கும் முதலிலேயே பணம் கட்டாதே. லிப்ரேஆஃபீஸ் இலவசம், பள்ளியே கணக்குத் தருகிறதா என்றும் கேள்.

புதியது எதுவும் கைக்கு எட்டவில்லையென்றால், அலுவலகங்கள் கழித்த பழைய லேப்டாப்பை நான் தயங்காமல் சொல்வேன். லெனோவோ திங்க்பேட் டி480, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5, டெல் லாட்டிடியூட் 7490 போன்றவை. கீலும் கீபோர்டும் இன்றைய மலிவுப் புதுசைவிட உறுதி, ரேம் ஸ்லாட் இரண்டிரண்டு. ஆனால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். ஏழும் அதற்கு முந்தியவையும், ஓரிரு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11-க்கு ஆதரவுப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆதரவில்லாத கணினியில் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றி விற்பார்கள். இன்று ஓடும், நாளை அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பழையதைப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்கு. அணைத்துவிட்டுப் போட்டதும் லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10 அழுத்தி, விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போ. கடவுச்சொல் கேட்டு, விற்பவருக்கு அது தெரியாவிட்டால் எழுந்து வந்துவிடு. விண்டோஸை ரீசெட் செய்து, வைஃபை இணைத்து, ஆரம்பப் படிகளை உன் முன்னால் ஓட்டச் சொல். ஏதாவது நிறுவனத்தின் பெயர் தோன்றி அதன் கணக்கைக் கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் பிடியில்தான் இருக்கிறது. பிறகு கமாண்ட் ப்ராம்ப்ட் எனும் கட்டளைச் சாளரத்தில் பவர்-சி-எஃப்-ஜி என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரி ரிப்போர்ட் என்பதைச் சேர்த்து எழுதி என்டர் கொடு. அறிக்கை ஒரு கோப்பாகச் சேமிக்கப்படும், அது இருக்கும் இடத்தைத் திரையே சொல்லும், அதைத் திறந்தால் வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் அடுத்தடுத்து இருக்கும். பின்னது முன்னதில் 70 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக் கேள். டி480-ல் பேட்டரி இரண்டு, இரண்டையும் பார். சமதளத்தில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா, டச்பேட் மேலெழும்பி இருக்கிறதா? பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம், அது ஆபத்து, பேரம் பேசக்கூட நிற்காதே. நோட்பேடில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டு. ஒவ்வொரு யூஎஸ்பி துளையிலும் பென்டிரைவைச் செருகு. கேமராவும் மைக்கும் ஹெட்போன் துளையும் வேலை செய்கின்றனவா பார்.

வாங்கி வந்த முதல் நாள் வேலை ஒன்றைக் கடையில் செய்ய விடாதே: கணக்கைத் தொடங்குவது. விண்டோஸ் 11 மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பல லேப்டாப்களில் டிஸ்க்கைத் தானே பூட்டிக்கொள்ளும், அதன் மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேரும். கடைக்காரரின் கணக்கில் போட்டால் சாவி அவரிடம். என்றோ ஒரு நாள் நீல நிறத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்கும்போது, இல்லையென்றால் அவளுடைய பாட வேலை அத்தனையும் போயிற்று. உன் கணக்கில் தொடங்கி, அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதி வை. அவளுக்கு நிர்வாகி உரிமையில்லாத தனிக் கணக்கு கொடு. கண்ட மென்பொருள் உள்ளே வருவதில் முக்கால்வாசி அதனாலேயே நிற்கும். கூடவே வரும் சோதனைக்கால ஆன்டிவைரஸை நீக்கு, விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பே போதும்.

மெத்தையில் வைத்து வேலை செய்ய வேண்டாம் என்று சொல், அடியில் காற்று போகாது. மேசையில் நாலு தடிப் புத்தகத்தின் மேல் லேப்டாப்பை ஏற்றி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி வைத்து, சாதாரண கீபோர்டும் மவுஸும் தனியாக இணைத்துக் கொடு. கழுத்துக்கு இது பெரிய உபகாரம், செலவு சொற்பம்.

இப்போது உன் பட்டியலுக்கு வருகிறேன். முதல் இரண்டும் மேலே சொன்ன செலரான்கள், அவற்றை விட்டுவிடு. மூன்றாவது தேறலாம், ஆனால் நீ எழுதியதை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை. ஒரே மாடல் பெயரில் 4 ஜிபியும் வரும், 8 ஜிபியும் வரும், டிஎன் திரையும் வரும், ஐபிஎஸ் திரையும் வரும். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெயருக்குப் பின்னால் நீளமாக ஒரு குறியீடு இருக்கும். அதை எழுத்து விடாமல் எழுதி அனுப்பு. பார்த்துவிட்டு அன்றே பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்