எல்லா மீத்தேனும் ஆழத்திலிருந்து வந்ததல்ல

ஆசிரியருக்கு,

உறைமண் (ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நிலம்) பற்றிய உங்கள் கட்டுரை, வாயு ஹைட்ரேட் (மீத்தேன் போன்ற வாயுவைச் சிறைப்பிடித்த, பனிக்கட்டி போன்ற திண்மம்) என்றாலே ஆழத்துப் பெட்ரோலியப் படுகையிலிருந்து கசிந்தது என்கிறது. கனடாவின் மல்லிக் பகுதி ஹைட்ரேட் ஆய்வுக் கிணறுகளுக்கு அது சரி. சைபீரியாவில், யமால் தீபகற்பத்துப் போவனென்கோவோ எரிவாயு வயலில் கதையே வேறு. அங்கே உறைமண்ணின் மேலடுக்குகளில் சிக்கிய மீத்தேன் நுண்ணுயிர்கள் உண்டாக்கியது. அதில் கார்பனின் கனமான வகையான கார்பன்-13 மிகக் குறைவு என்பதே அத்தாட்சி. காற்றுப் புகாத சேற்றில் தாவர மட்கு சிதைய, ஆர்க்கியாக்கள் என்னும் நுண்ணுயிர்கள் அதை மீத்தேனாக்கின. பின்னர் மண் உறைந்தபோது துளைகளில் அழுத்தம் ஏறி, நீரும் வாயுவும் சேர்ந்து ஹைட்ரேட் ஆகியிருக்கலாம். (ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டில் சுமார் 160 கன மீட்டர் வாயு!) புவி சூடாகும்போது வெப்பம் முதலில் எட்டுவது இந்த மேலடுக்கைத்தான். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்